ஆனி இருட்டில் கள்ளி நாற்று

கொட்டகலையில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் நண்பகலுக்கும் மாலைக்கும் வேறுபாடு காண்பது அரிது. சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து வரும் புகையிரதம் நிலையத்தில் நின்று புறப்படும் ஓசை காதில் விழும். வண்டி கண்ணுக்குத் தெரியாது. தேயிலை மலைகள் முகிலுக்குள் மறைந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கே வகுப்பறையில் விளக்கேற்ற வேண்டியிருக்கும். கழுவிப் போட்ட துணி மூன்று நாளாகியும் உலராது. உப்பு நீர்விடும், தீக்குச்சி பற்றாது, புத்தக அட்டைகளில் பூஞ்சணம் படரும்.

இத்தகைய ஊரிலே, வெயிலை நாடி வாழும் கக்டஸ் என்னும் கள்ளிச்செடியை விதையிலிருந்து வளர்க்க ஒருவன் முற்படுவது அறிவுடைமை ஆகுமா? இக்கேள்வியை முதலிற் கேட்டவர் என் மனைவியார். அடுத்துக் கேட்டவர் அயல்வீட்டுப் பெரியவர். "மாஸ்டர், முள்ளுச்செடியை வீட்டுக்குள்ளே வைத்தால் குடும்பத்தில் சண்டை வருமென்று சொல்லுவார்களே!" என்றார் அவர். குடும்பத்திற் சண்டை வந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் முள்ளன்று. நாற்றுமண்ணை அவிப்பதற்காக நான் எடுத்துச் சென்ற இட்டலிச் சட்டியே. அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

மூன்று ஆண்டுகள் தோற்றும் தேறியும் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. நம் மலைநாட்டில் இருளும் குளிரும் ஒரே காலத்தில் வருவதில்லை என்பதே அது. இதனை உணர்ந்து நடப்பவர், வீட்டுக்குள் வைத்தே கள்ளி நாற்றுகளைப் பிழைக்கச் செய்யலாம். உணராதவருக்கு எத்தனை புத்தகங்கள் இருந்தும் பயனில்லை.

கள்ளி எது, கக்டஸ் எது?

முதலிற் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழர் பண்டுதொட்டுக் கள்ளி என வழங்கியவை சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலியன. கிள்ளினாற் பால் வடியும் இவை யாவும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கக்டஸ் குடும்பம் வேறு. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அதில் 1,500 இனங்களுக்கு மேல் உள்ளன. முள் தோன்றும் இடத்திலே சிறு பஞ்சுமெத்தை போன்ற ஒரு புள்ளி காணப்படுமாயின் அது கக்டஸ் என்று துணிந்து கூறலாம். அப்புள்ளி அக்குடும்பத்துக்கே உரிய அடையாளம்.

நம்மவர் நன்கறிந்த கக்டஸ், நாகதாளி எனப்படும் சப்பாத்திக்கள்ளி. அதன் வரலாறு சுவையானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியார், செந்நிறச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துப் பொருளீட்டக் கருதி, அப்பூச்சிக்கு உணவாகும் இச்செடியைத் தென்னிந்தியாவிற் பேணினர். வந்து சேர்ந்த பூச்சியோ தரமான சாயத்துக்கு உதவாத வேறோர் இனம். சாய வியாபாரம் கைகூடவில்லை. ஆனால் அப்பூச்சி, வேலிகளிலும் தரிசுகளிலும் பரவியிருந்த ஒருவகை நாகதாளியைத் தின்று ஒழித்தது. அதைக் கண்டவர்கள் 1860-களில் அப்பூச்சியை இலங்கைக்கும் கொண்டுவந்து நாகதாளிக் காடுகளில் விட்டனர். களையை ஒழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுசென்ற முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்றென விஞ்ஞானிகள் குறிப்பிடுவர். எனினும் அக்குடும்பம் முற்றாக அடங்கிவிடவில்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்துப் புந்தல தேசியப் பூங்காவில் வேறொரு நாகதாளி இனம் இன்றும் தொல்லை தருகின்றது.

கக்டஸ் என்றாலே பாலைவனம் என்று முடிவு கட்டிவிடலாகாது. இலங்கையின் ஈரக் காடுகளில் ரிப்சலிஸ் என்ற ஒரு செடி உண்டு. அது மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, பச்சைக் கயிறுகளை அவிழ்த்துவிட்டாற்போலத் தொங்கும். வெண்முத்துப் போன்ற சிறு பழங்கள் பழுக்கும். காண்போர் குருவிச்சை இனமென்றே எண்ணுவர். அதுவும் கக்டஸ்தான். அமெரிக்காவுக்கு வெளியே, ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளரும் கக்டஸ் அது ஒன்றே. ஆகவே மழைநாட்டில் கக்டஸ் வளர்ப்பது இயற்கைக்கு முற்றிலும் மாறான செயலன்று என எனக்கு நானே தேறுதல் கூறிக்கொண்டேன்.

முதலாண்டுத் தோல்வி

நுவரெலியாவில் வீதியோரப் பூஞ்செடிக் கடையொன்றில் மாமிலாரியா என்னும் உருண்டைக் கக்டஸ் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். உச்சியைச் சுற்றி மாலை போலப் பூத்த அச்செடி, சில மாதங்கள் கழித்துச் சிறு செம்மிளகாய் போன்ற பழங்களைத் தந்தது. பழத்தைப் பிதுக்கிக் கழுவினால் கசகசாவினும் சிறிய விதைகள். அவற்றுள் ஐம்பதை எண்ணியெடுத்தேன். என்னிடமிருந்த ஆங்கிலப் புத்தகமோ, வசந்தத்தில் விதைக்கவும், கோடையில் வளரவிடவும், குளிர்காலத்தில் நீரை நிறுத்தவும் என்று விதி வகுத்திருந்தது. வசந்தம் என்றாற் சித்திரைதானே என்று சித்திரை மாதத்தில் விதைத்தேன். பத்தாம் நாள் தொடங்கி 41 விதைகள் முளைத்தன. கடுகளவான பச்சை மணிகள்! அன்று எனக்கிருந்த பெருமிதத்தை எழுத்தில் வடிக்க இயலாது.

வைகாசி நடுவில் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை தொடங்கிற்று. ஆனியில் நாற்றுகள் உருண்டை வடிவம் இழந்து, தீக்குச்சி போல மெலிந்து நீண்டு, ஜன்னலை நோக்கிச் சாய்ந்தன. குளிரால் வாடுகின்றன என்று நான் எண்ணினேன். எண்ணியதும், சட்டியைத் தூக்கி அடுப்படிக்கு மேலுள்ள தட்டில் வைத்தேன். ஒரே வாரத்தில் அவை முன்னிலும் வேகமாக நீண்டன. பின்னர் மண்ணைத் தொடும் இடத்தில் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தன. ஆவணி முடிவில் எஞ்சியவை 3.

அக்காலத்தில் நான் கண்டறியாத உண்மை இது. நாற்றுகளைக் கொன்றது குளிரன்று, இருள். இருளிலே இளஞ்சூட்டைக் கூட்டுவது, பட்டினி கிடப்பவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். சூடு செடியை வளரத் தூண்டுகிறது. வளர்வதற்கு வேண்டிய உணவை ஆக்கும் ஒளியோ இல்லை. உள்ளதையெல்லாம் செலவிட்டு ஒளியைத் தேடி நீண்ட மெல்லிய உடல், பங்கசுக்கு எளிதில் இரையாகிறது.

இருளும் குளிரும்

புத்தகத்தை மீண்டும் எடுத்து, அது எழுதப்பட்ட நாட்டை எண்ணிப் பார்த்தேன். இலண்டன் மாநகரில் யூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு நீளும். டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரங்கூட இல்லை. அங்கே குளிரும் இருளும் இரட்டைப் பிள்ளைகள். சேர்ந்து வந்து சேர்ந்து போகும். எனவே குளிர்காலத்தைப் பற்றி எழுதுபவர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்.

நாம் வாழ்வது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடு கூட இல்லை. ஆதலால் இங்கு இருளைத் தருவது ஞாயிற்றின் ஓட்டமன்று, முகில். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து சுமந்துவரும் நீராவி மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இந்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் ஒன்றென்பதை யாவரும் அறிவர். ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், அட்டனுக்கு அடுத்ததாக அமைந்த கொட்டகலையும் அக்காற்றின் வழியிலேயே உள்ளது. ஆகவே நமக்கு இருண்ட மாதங்கள் ஆனி, ஆடி, ஆவணி.

குளிரோ மார்கழியிலும் தையிலும் வருகிறது. தெளிந்த வானத்து இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறிவிட, விடியற்காலையில் வெப்பநிலை 10 பாகை செல்சியசை அண்மிக்கும். நுவரெலியாவில் அக்காலத்துச் சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனியே படியும். ஆனால் காலை எட்டு மணிக்கெல்லாம் பளீரென வெயில் அடிக்கும். தை முதற் பங்குனி வரை கொட்டகலை ஜன்னலோரத்தில் விழும் வெயில், கக்டஸ் நாற்றுக்கு அமிழ்தம்.

அஃதாவது, புத்தகம் ஓய்வுக்காலம் என்று சொல்லும் மாதங்கள் நமக்கு வளர்ச்சிக்காலம். புத்தகம் வளரவிடு என்று சொல்லும் மாதங்கள் நமக்கு ஆபத்துக்காலம். இதைத் தெளிந்துகொண்டதும், இரண்டாம் ஆண்டில் தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் விதைத்தேன். நூற்றுக்கு மேற்பட்ட நாற்றுகள் கிடைத்தன.

மேசை விளக்கின் கீழே

அந்நாற்றுகளிற் சிலவற்றை என் வகுப்பிலிருந்த எழுவருக்குப் பகிர்ந்து கொடுத்தேன். ஒருவருக்கு ஒரு கோப்பை. ஒரு கோப்பையிற் பத்து நாற்று. அவரவர் வீட்டில் வைத்து வளர்த்து, ஆவணி மாதத்திற் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. பாடத்துக்கு உதவுமென்பது சொன்ன காரணம். மழைக்காலத்தில் நான் தோற்றாலும் எவரேனும் ஒருவர் வெல்லக்கூடும் என்ற நப்பாசை சொல்லாத காரணம்.

ஆவணி வந்தது. ஐந்து கோப்பைகளில் வெறும் மண்; ஒன்றில் இரண்டு மெலிந்த நாற்றுகள். என் வீட்டு ஜன்னலோரத்திலும் பாதிக்கு மேல் மடிந்துவிட்டன. ஏழாவது கோப்பையைக் கொண்டுவந்தவள் தோட்டத்து லயனிலிருந்து வரும் ஒரு மாணவி. அவளது கோப்பையில் எட்டு நாற்றுகள், மிளகு போல உருண்டு திரண்டு, நுண்ணிய வெண்முள் போர்த்து நின்றன.

எனக்கு வியப்புத் தாளவில்லை. அவளது வீட்டை நான் அறிவேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. பகலிலேயே உள்ளே சென்றால் கண் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். வெள்ளையர் காலத்தில் எழுந்த லயன்கள் பலவற்றின் நிலை இன்றும் இதுவே.

"எங்கேயம்மா வைத்திருந்தாய்?" என்று கேட்டேன்.

"என் மேசையிலதான் சேர். வேற இடம் இல்ல."

அவள் அவ்வாண்டு சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலை நாலு மணிக்கு எழுந்து விளக்கைப் போடுவாள். தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்வரை அது எரியும். மாலை ஆறுக்கு மீண்டும் போட்டால் இரவு பத்துக்கு மேலாகும் அணைக்க. அவள் தலைக்கும் புத்தகத்துக்கும் நடுவே தொங்கிய சிறு எல்.ஈ.டி. மின்குமிழின் கீழே, புத்தகத்துக்குப் பக்கத்தில், கோப்பை இருந்தது. பகல் முழுவதும் அது இஸ்தோப்பில் இருந்தது. வெளிச்சத்துக்காகச் செய்தாளல்லள், தம்பி தட்டிவிடாதிருக்கும் இடம் அவ்விரண்டுமே என்பதனாற் செய்தாள். அவள் படித்த வெளிச்சத்தையே செடியும் உண்டு வளர்ந்தது. பட்டம் பெற்ற ஆசிரியன் இரண்டு மழைக்காலங்களாகத் தேடிய விடை, அந்தச் சின்ன மேசையின்மேல் இருந்தது.

ஒளியின் கணக்கு

நமது கண் நம்மை ஏமாற்றும் இயல்புடையது. வெளிச்சம் குறையும்போது கண்மணி விரிந்து கொடுக்கும். எனவே அறை அவ்வளவு இருட்டாகத் தோன்றாது. கருவி கொண்டு அளந்தால்தான் உண்மை புலனாகும். தெளிந்த நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மழை முகில் கவிந்த நாளில் வெளியே அதிற் பத்திலொன்றும் இராது. அறைக்குள், ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி, சில நூறு லக்ஸ் மட்டுமே எஞ்சும். நாம் அதிலே செய்தித்தாள் படிக்கலாம். நாற்றோ பட்டினி கிடக்கும்.

இக்குறையைச் செலவு மிகாமல் தீர்க்கலாம். வெண்ணிற ஒளி தரும் 10 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றை நாற்றுக்கு மேல் எட்டு அங்குல உயரத்தில், மேலே ஒரு வெள்ளைத் தட்டோ தகரமோ கவிழ்த்துத் தொங்கவிடுக. நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஆகும் மின்சாரம் 4.2 அலகு. வீட்டிற் பிள்ளைகள் படிக்கும் விளக்கே அதுவானால் தனிச் செலவு அதனினும் குறைவு. பழைய இழைக்குமிழ் கூடாது. அது ஒளியைவிடச் சூட்டையே மிகுதியாகத் தரும். நீர் தெளிக்கும்போது மின்கம்பியில் ஈரம் படாதவாறு கவனிக்க வேண்டியது முதற் கடமை.

ஒளி போதுமா என்பதை நாற்றே அறிவிக்கும். உருண்டையாய் இருப்பின் போதும், நீண்டாற் குறைவு, செந்நிறமாய்ச் சிவந்தால் மிகுதி. நீண்டால் விளக்கைத் தாழ்த்துக, சிவந்தால் உயர்த்துக.

இரவு முழுவதும் விளக்கை எரிய விட்டால் இன்னும் விரைவாக வளராதோ என்று சிலர் வினவலாம். அது தவறு. கக்டஸ் இரவை வேண்டிநிற்கும் செடி. ஏனைய செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டைப் பெறும். வறண்ட நிலத்தில் பகலிலே வாய் திறந்தால் உள்ள நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் கக்டஸ் இரவின் குளிர்ச்சியில் அவ்வாயுவைப் பெற்று, ஓர் அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, மறுநாள் ஒளி வந்ததும் அதனை எடுத்து உணவாக்குகிறது. நாகதாளி இரவில் காபனீரொட்சைட்டை உட்கொள்வதை 1804-இலேயே டி சோசூர் என்ற அறிஞர் எழுதிவைத்தார். இந்தியாவில் தாவர ஆராய்ச்சி செய்த பெஞ்சமின் ஹெயின் என்பார், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலிற் சுவையற்றும் இருப்பதை நாவினால் உணர்ந்து தெரிவித்தார். அவரது குறிப்பு 1815-இல் வெளியாயிற்று. இரவிற் சேர்ந்த அமிலம் பகலொளியிற் செலவாகிவிடுவதே அச்சுவை மாற்றத்தின் காரணம். ஆகவே 14 மணி ஒளியும் 10 மணி இருளும் என்று வகுத்துக்கொள்வது நன்று.

விதையிடும் முறை

தொடக்கத்தில் விலையுயர்ந்த விதை எதுவும் வேண்டா. சந்தையில் விற்கும் டிராகன் பழமும் ஒரு கக்டசின் பழமே. அதன் கருவிதைகள் இருபது முப்பதைச் சதைப்பற்று நீங்கக் கழுவி உலர்த்திக்கொண்டால், ஒரு சதமும் மேலதிகச் செலவின்றி முதற் பாடத்தைத் தொடங்கலாம். அவை விரைவாக முளைக்கும். சிறு பிழைகளைப் பொறுக்கும். கைபழகிய பின்னர் மாமிலாரியா, ஜிம்னோகலிசியம் முதலிய உருண்டை இனங்களுக்குச் செல்லலாம்.

மண் கலவையில் இரண்டு பங்கு பருமணலும் ஒரு பங்கு நன்கு மக்கிய இலைமண்ணும் இருத்தல் வேண்டும். ஆற்றுமணல் உத்தமம், கடல்மணல் ஆகாது. செங்கல்லை உடைத்துச் சலித்த குறுணியையும் சேர்க்கலாம். கலவையை ஈரமாக்கி அரைமணி நேரம் ஆவியில் அவித்து ஆறவிடுக. இதற்கு நான் வீட்டு இட்டலிச் சட்டியை எடுத்ததால் நேர்ந்ததை முன்னரே சுட்டினேன். நேயர்கள் பழைய பானை ஒன்றை இதற்கென ஒதுக்கிக்கொள்வது இல்லறத்துக்கு நல்லது.

யோகட் கோப்பையின் அடியிலே சூடேற்றிய ஊசியால் நாலைந்து துளையிட்டு, முக்காற் பங்கு கலவையை நிரப்பி, மேலே மெல்லிய குறுணிப் படை இடுக. கொதித்தாறிய நீருள்ள தட்டில் கோப்பையை வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும். மேற்பரப்பு நனைந்ததும் விதைகளைத் தூவுக. மூடிப் புதைக்கலாகாது, விதை முளைக்க ஒளி வேண்டும். பின்னர்க் கோப்பையைத் தெளிந்த பொலித்தீன் பையில் இட்டுக் கட்டுக.

இப்பை ஒரு சிறு கண்ணாடி வீடு. 19-ஆம் நூற்றாண்டில் வார்ட் என்னும் இலண்டன் வைத்தியர் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வாழ்வதைக் கண்டறிந்தார். அதன்பின் அத்தகைய பெட்டிகளிலேயே செடிகள் கடல் கடந்தன. தென்னமெரிக்காவின் அந்திஸ் மலையில் பிறந்த கொயினாச் செடி இலங்கைக்கு வந்ததும், அதற்கென 1861-இல் ஹக்கலைத் தோட்டம் தோன்றியதும் அக்காலத்தில்தான். நமது யோகட் கோப்பையின் பாட்டனார் அந்தப் பெட்டி எனலாம்.

முளைப்பதற்கு 20 முதல் 28 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பகலில் ஜன்னலோரத்திலும், தை மாதத்து இரவில் அடுப்படிக்கு மேலுள்ள தட்டிலும் வைத்தால் அச்சூடு கிட்டும். சட்டியை அடுப்பருகே வைப்பது இக்கட்டத்தில் மட்டுமே பொருந்தும். ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் முளை தோன்றும். ஆறு வாரம் வரை பையைத் திறக்க வேண்டா. அதன்பின் நாளுக்குச் சிறிது நேரமாகத் திறந்து, ஒரு மாதத்தில் முற்றாக நீக்கிவிடுக. ஒரு நாற்றுக் கறுத்தால், அதனை உடனே இடுக்கியால் எடுத்துவிட்டுக் காற்றோட்டம் தருக; தயங்கினால் பங்கசு கோப்பை முழுவதும் பரவும். மண்ணிற் பச்சைப் பாசி படர்ந்தால் ஈரம் மிகுந்ததென அறிக. சிறு கரும்பூச்சிகள் மண்மீது பறந்தாலும் ஈரமே குற்றவாளி. அவற்றின் புழுக்கள் இளவேரைத் தின்னும். மேற்பரப்பிற் குறுணி உலர்ந்திருந்தால் அவை அணுகுவது குறையும்.

தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இவற்றுட் பல புதியன அல்ல. வெட்டுக்கன்றைப் பைமண்ணில் நட்டு, மூடி வைத்து ஈரம் காத்து, பின் மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கும் கலையை நம் தோட்டத்துப் பெண்கள் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றனர். நாற்றைத் திடீரென வெயிலில் வைக்கலாகாது என்பதை, நான் புத்தகத்திற் படித்தறிந்தேன்; அவர்கள் கைப்பழக்கத்தால் அறிவார்கள்.

இருண்ட மாதமும் குளிர்ந்த மாதமும்

இவ்வாறு தையில் விதைத்த நாற்று ஆனியில் ஐந்து மாதக் குழந்தை. அப்போது அதற்குத் தரவேண்டியது ஒளி. குறைக்க வேண்டியது நீர். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் மண் உலர நெடுநாள் செல்லும். கோப்பையைக் கையிலெடுத்துக் கனம் பார்த்து, இலேசாக இருந்தால் மட்டும் கீழிருந்து சிறிது நீர் காட்டினாற் போதும். அடுப்பின் சூடு அப்போது வேண்டவே வேண்டா.

மார்கழி, தையிற் செய்ய வேண்டியது வேறு. ஒளி தானே கிடைக்கும், விளக்குத் தேவையில்லை. ஆனால் குளிர்ந்த இரவில் வேர் நனைந்திருப்பது நாற்றுக்கு ஆகாது. ஆகவே காலையில், வெயில் ஏறும் நாளிலேயே நீர் ஊற்றி, மாலைக்குள் மேல்மண் உலர விடுக. இரவில் ஜன்னற் கண்ணாடியை ஒட்டி வையாது, ஒரு முழம் உள்ளே தள்ளி வைக்க. ஓராண்டு கடந்து பட்டாணி அளவாகிய நாற்றைத் தனிக் கோப்பைக்கு மாற்றலாம். அதன்பின் அது பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மாமிலாரியா மூன்று நான்கு ஆண்டுகளிற் பூக்கும்.

மூன்றாம் ஆண்டில் இம்முறையைக் கைக்கொண்டேன். விதைத்தவை 60; முளைத்தவை 52; ஆவணி முடிவில் உயிரோடிருந்தவை 44. சிங்கமலைச் சுரங்கம் கடந்து வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத அதே ஆனியில்தான் அவை உருண்டு திரண்டன. அயல்வீட்டுப் பெரியவர் இப்போது இரண்டு கோப்பைகளைக் கொண்டுபோய்த் தம் சாமிப்படத் தட்டுக்கு அருகே, விளக்கடியில் வைத்திருக்கிறார். முள்ளுச்செடியால் வரும் சண்டையைப் பற்றி அவர் பின்னர்ப் பேசவில்லை.

அந்த மாணவியைப் பற்றி நேயர்கள் அறிய விரும்புவீர்கள். அவள் பரீட்சையில் நல்ல சித்தி பெற்றாள். விஞ்ஞானப் பிரிவிற் சேர விரும்பினாள். அவள் தோட்டத்துக்கு அருகே உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலை இல்லை. மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த இடத்தில்தான் பாதை முடிந்துவிடுகிறது. அவளது தாய் அதற்கு இணங்கவில்லை. கடன் வாங்கி, உறவினர் வீடொன்றில் தங்கவைத்து, வேறொரு நகரத்துக்கு மகளை அனுப்பினார். புறப்படும் முன் அத்தாய் என்னிடம் கூறியது நினைவில் நிற்கிறது: "இந்தப் புள்ள ராத்திரியெல்லாம் லைட்ட எரிக்குதேன்னு நான் ஏசியிருக்கேங்க சேர். கரண்டு பில்லு எங்க வருமானத்துக்குப் பெரிசு. இப்ப நெனச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அவருக்கு நான் ஆறுதல் சொல்லத் தேவையிருக்கவில்லை. சென்ற ஆனியில் அவ்வழியே சென்றபோது அந்தக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தேன். வெளியே மழை. அதே விளக்கின் கீழே இப்போது தம்பி எழுதிக்கொண்டிருந்தான். அவன் கொப்பிக்குப் பக்கத்தில், தகரப் பேணியொன்றுக்கு மாற்றப்பட்டு, அக்காவின் நாற்றுகளில் ஐந்து இருந்தன. மற்றை மூன்றையும் அவள் தன்னோடு கொண்டுபோய்விட்டாளாம்.

நேயர்களே, வருகிற தையிலே ஒரு டிராகன் பழம் வாங்குங்கள். பழத்தை உண்டு, விதையிற் சிறிது கழுவி வையுங்கள். ஆனி வரும்போது உங்கள் பிள்ளை படிக்கும் விளக்கின் கீழே அக்கோப்பைக்கு ஓர் இடம் கொடுங்கள்.